தாளின் இடது பக்கம்

“இதுல ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது டீச்சர். பிறகு ஏன் செத்துக் கிடக்கு?” என்று கேட்டார் தேவசகாயம்.

கேட்டவருக்கு வயது அறுபத்து மூன்று. டீச்சருக்கு முப்பத்தேழு.

தேவசகாயம் முப்பத்து நான்கு வருஷம் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தவர். சாட்சிகள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு டைப் அடித்துக் கொடுப்பது வேலை. எந்த ஊர்க் கோர்ட் என்பது நமக்கு வேண்டாம். எல்லா ஊரிலும் கோர்ட் ஒரே மாதிரிதான் இருக்கிறது, மின்விசிறிச் சத்தம் உட்பட.

டீச்சர் பெயர் இசக்கியம்மாள். சென்னையில் பதினோரு வருஷம் சினிமாவில் உதவி இயக்குநராக இருந்து, சீன் பேப்பர் எழுதி எழுதியே கை தேய்ந்தவர். இப்போது திருநெல்வேலிப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மேடைக்கும் சினிமாவுக்கும் எழுதக் கற்றுக்கொடுக்கிறார். வருகிறவர்களை வைத்தே வருஷத்துக்கு ஒரு நாடகமும் போடுவார்.

இந்த வருஷம் தேவசகாயத்தின் நாடகத்தைப் போடலாம் என்றிருந்தார்கள். படித்துப் பார்த்தால் அதில் உயிர் இல்லை.

ஒரு வழக்குதான் கதை. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே உட்கார்ந்து எழுதிய வழக்கு.

ஒரு அரிசி மில்லில் திருட்டு. தடுக்கப் போன வாட்ச்மேனுக்கு மண்டையில் அடி விழுந்து ஒரு கண் போய்விட்டது. ஓடியவன் விட்டுவிட்டுப் போனது ஒரு துண்டு. போலீஸ் பிடித்தது பத்தொன்பது வயதுப் பையனை. துண்டு அவனுடையதுதான் என்று சொல்ல, அவனைப் பெற்ற அம்மாவையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

“இது உங்க வீட்டுத் துண்டுதானா?” என்று கேட்டார் சர்க்கார் வக்கீல்.

“இல்லைய்யா” என்றாள் அவள்.

அந்த ஒரு வார்த்தையில் கேஸ் விழுந்தது. பையன் விடுதலையாகிப் போனான். ஒற்றைக் கண்ணோடு வாட்ச்மேன் வந்து தீர்ப்பின் நகல் கேட்டார். அதை டைப் அடித்து அவர் கையில் கொடுத்ததும் தேவசகாயம்தான்.

அவள் சொன்னது உண்மையா, பொய்யா?

இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு அது தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தக் கேள்வியும் எதிரே வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலையில் இருந்தவரை அதை விரட்ட வேறு கேஸ் கட்டுகள் இருந்தன. ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை. நாடகமாக எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும் என்று நம்பித்தான், இந்த வயதில் முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்திருக்கிறார்.

டீச்சர் நாற்பத்தாறு பக்கத்தையும் மேசைமேல் வைத்துத் தட்டி அடுக்கினார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.



சீன் பேப்பர் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாளை நீளவாக்கில் மடித்து நடுவே ஒரு கோடு போடுவார்கள். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் இடது பக்கம். காதுக்குக் கேட்பதெல்லாம் வலது பக்கம். முதல் வகுப்பிலேயே டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். தேவசகாயமும் தலையாட்டினார், தேதி போட்டுக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

எழுதும்போது முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். ஆபீஸ் பழக்கம் அதற்கும் அப்பால் போகும்போல.

வலது பக்கம் நெருக்கி நெருக்கி வசனம். இடது பக்கத்தில் ஓர் எறும்பு ஊர்ந்தாலும் தனியாகத் தெரியும்.

டீச்சர் நடுக்கோட்டின் வழியாக வெட்டினார். ஐந்தைந்து தாளாகச் சேர்த்து, நிதானமாக, நாற்பத்தாறையும். வலது பாதிகளை நூல் போட்டுக் கட்டி மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார். இடது பாதிகளை அவரிடம் நீட்டினார்.

“இதுதான் நீங்க எழுதின நாடகம்.”

“இதுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்.”

“அதைத்தான் நானும் சொல்லுதேன்.”

தேவசகாயத்துக்குக் கோபம் வந்தது. மூன்று மாச உழைப்பு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அதைக் கண்ணெதிரே இரண்டாக வெட்டினால் எந்தக் காக்கைதான் பொறுக்கும்? இனி இந்த மாடிப்படி ஏறுவதில்லை என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.



இந்த முறை இடது பாதிகள் நிறைந்திருந்தன.

டீச்சர் சாட்சிக் கூண்டு வருகிற பக்கத்தை எடுத்தார். அதில் மூன்று வரி இருந்தது.

*சோகமாக.*

*மிகுந்த சோகமாக.*

*சொல்லொணாத சோகத்துடன்.*

டீச்சர் செண்பகவடிவைக் கூப்பிட்டார்.

செண்பகவடிவு ரேஷன் கடையில் எடை போடுகிறவர். நாடகத்தில் அந்த அம்மா வேஷம் அவருக்குத்தான். தாளை வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தார். நடுவில் போய் நின்றார். திரும்பி வந்தார்.

“சார், சொல்லொணாத சோகம்னா கையை எங்க வச்சுக்கிடணும்?”

தேவசகாயம் யோசித்தார். அதெல்லாம் நடிக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்றார்.

“மூஞ்சியை நான் பாத்துக்கிடுதேன் சார். கை ரெண்டும் சும்மா தொங்குதே.”

டீச்சர் அந்தத் தாளை நான்காக மடித்துத் தேவசகாயத்தின் சட்டைப் பையில் வைத்தார். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.



மூன்றாவது வாரம் கைகளுக்கு வேலை வந்திருந்தது. அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கூண்டின் கட்டையில் முட்டிக்கொண்டாள். கடைசியில் மயங்கி விழுந்தாள். வெளியே இடி இடித்தது.

டீச்சர் பொறுமையாக இடி வரைக்கும் படித்தார்.

“இதெல்லாம் நீங்க பாத்தீங்களா?”

“பாக்கலை.”

“அப்ப அவங்க என்னதான் செஞ்சாங்க?”

“எனக்குத் தெரியாது டீச்சர். சாட்சி பேசும்போது நாங்க நிமிர முடியாது. நிமிந்தா ஒரு வார்த்தை போயிரும்.”

“ஒரு வார்த்தைதானே சொன்னாங்க. சொல்லி முடிச்ச பிறகு?”

முடித்த பிறகும் பார்க்க முடியவில்லை என்றார் தேவசகாயம். அந்தப் பதிலை எழுதியதுமே பென்சில் முனை உடைந்துபோயிற்றாம். குனிந்து சீவிக்கொண்டிருந்தாராம். அடுத்த கேள்வி வந்த பிறகுதான் நிமிர்ந்தாராம். அந்தப் பாழாய்ப்போன பென்சில் மட்டும் உடையாமல் இருந்திருந்தால் இத்தனை வருஷம் இந்த அவஸ்தை இல்லை என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மனிதர் உண்மையாகவே வருந்தினார்.

“வேற யாரு பாத்தா?”

தேவசகாயம் விரல்விட்டு யோசித்தார். நீதிபதி தன் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். சர்க்கார் வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கேஸ் கட்டை எடுத்துக்கொண்டிருந்தார். பையன் தலை குனிந்து நின்றான். எல்லோரும் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

“டவாலி இருந்தான்” என்றார் கடைசியில்.

டவாலி என்றால் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுகிற கோர்ட் சேவகர். காட்ட வேண்டிய பொருளை எடுத்துச் சாட்சியின் கையில் கொடுப்பதும், திரும்ப வாங்கி வைப்பதும் அவர் வேலைதான்.

டீச்சர் வெற்றுத் தாள் ஒன்றை இடது பாதியாக வெட்டித் தேவசகாயத்திடம் கொடுத்தார். கதவைத் திறந்துவிட்டார்.



அந்த டவாலியின் பெயர் சங்கிலி. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் வாட்ச்மேனாக இருந்தார். தேவசகாயம் போனபோது வேனில் வந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய ஸ்டெனோவைப் பார்த்ததும் ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார். தான் உட்காரவில்லை.

தேவசகாயம் வழக்கைச் சொன்னார். பாதி சொல்வதற்குள் சங்கிலி மீதியைச் சொல்லிவிட்டார்.

“அந்தத் துண்டு கேஸா? நீங்க பாக்கலையா சார்?” என்று கேட்டார். அவருக்கு அது உண்மையாகவே ஆச்சரியமாக இருந்தது.

பிறகு சொன்னார். துண்டைச் சீல் பிரித்து எடுத்தபோது கந்தலாகச் சுருண்டு கிடந்ததாம். ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்ததாம். அதை அப்படியே அவள் கையில் கொடுத்திருக்கிறார். வக்கீல் கேட்டார். அவள் “இல்லைய்யா” என்றாள்.

“சொல்லிக்கிட்டே மடிச்சா சார்.”

“மடிச்சாளா?”

“நுனியோட நுனி சேத்து, நீளவாக்குல ஒரு மடிப்பு. குறுக்க ரெண்டு. ரத்தம் இருக்க ஓரம் உள்ள போற மாதிரி. மடிச்சு, உள்ளங்கையால நீவி விட்டா. வீட்டுல கொடியில காஞ்சதை எடுத்து மடிப்பாங்கள்ல, அப்படி. மடிச்சு முடிச்சுத் தன் கைமேல போட்டுக்கிட்டா.”

சங்கிலி அன்றைக்குப் போலவே கையை நீட்டிக் காட்டினார்.

“‘குடும்மா’ன்னேன். தரல. மறுபடியும் ‘குடும்மா’ன்னேன். அப்பதான் அது தன் கையில இருக்குன்னே அவளுக்குத் தெரிஞ்சுது. பயந்துபோயிக் குடுத்தா. ஜட்ஜ் ஐயாகூட ஒரு தடவை நிமிந்து பாத்தாரு. பாத்துட்டு எழுதப் போயிட்டாரு.”

இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார் தேவசகாயம். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

“டவாலிட்ட யாரு சார் கேட்டா?”

சங்கிலியே மறுபடி பேசினார். தான் இரண்டு தடவை ‘குடும்மா’ என்றது சாருக்குக் கேட்கவில்லையா என்று விசாரித்தார்.

கேட்டிருந்தது. இரண்டு தடவையும் கேட்டிருந்தது. நடுவில் இருந்த அமைதிகூட இப்போது காதில் இருந்தது. ஆனால் டவாலி பேசுவது சாட்சியம் இல்லை. அதை எழுதுகிற வழக்கமும் இல்லை.

“பென்சில் முனை உடைஞ்சுபோச்சுப்பா. சீவிக்கிட்டு இருந்தேன்” என்றார் தேவசகாயம்.

“முனையா?” சங்கிலிக்கு முகம் சற்றுச் சுருங்கியது. “தினம் காலையில நாலு பென்சில் கூராச் சீவி உங்க மேசையில வைக்கிறது நான்தானே சார். ஒரு நாள் தப்புனது இல்லையே.”

வேன்காரன் கூப்பிட்டான். சங்கிலி நாற்காலிகளை எண்ணப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் தேவசகாயத்துக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவர் வெளியே எதையும் பார்க்கவில்லை.



சனிக்கிழமை அவர் கொடுத்த இடது பாதியில் எட்டு வரி இருந்தது. அவள் துண்டை வாங்குகிறாள். மடிக்கிறாள். ரத்தம் உள்பக்கம் போகிறது. நீவுகிறாள். கைமேல் போட்டுக்கொள்கிறாள். டவாலி கை நீட்டுகிறான். நீதிபதி நிமிர்கிறார். குனிகிறார்.

டீச்சர் இரண்டு தடவை படித்தார். மேசை இழுப்பறையைத் திறந்து, நூலை அவிழ்த்து, அந்தப் பக்கத்தின் வலது பாதியைத் தேடி எடுத்தார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பின்பக்கம் பசைத்தாள் ஒட்டினார்.

வலது பாதியில் “இல்லைய்யா”வுக்குக் கீழே, தேவசகாயம் தானாகவே சேர்த்திருந்த வசனம் பதினோரு வரி இருந்தது. தாய்மையைப் பற்றி, தர்மத்தைப் பற்றி. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று அவர் சொன்னபோது இந்தப் பதினோரு வரி அவர் கணக்கில் வரவில்லை. இப்போது பேனாவைக் கேட்டு வாங்கி அவரே அடித்துவிட்டார். டீச்சர் தடுக்கவில்லை.

செண்பகவடிவிடம் தாளைக் கொடுத்தார்கள். யாரோ மூக்குத் துடைக்க வைத்திருந்த துண்டு ஒன்று கிடைத்தது.

வக்கீலாக நின்றவர் கேள்வியைக் கேட்டார்.

“இல்லைய்யா.”

செண்பகவடிவின் கைகள் துண்டை மடித்தன. சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எத்தனையோ வருஷமாக வீட்டில் மடிக்கிற கை. நீவியது. கைமேல் போட்டுக்கொண்டது.

“குடும்மா.”

அறையில் இருந்த ஆறு பேரும் அந்தக் கைகளையே பார்த்தார்கள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“குடும்மா.”

செண்பகவடிவு திடுக்கிட்டுக் கையைப் பார்த்தார். துண்டைக் கொடுத்தார்.

தேவசகாயத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, பெரிய சுமையை இறக்கி வைத்தவராகச் சொன்னார்:

“பொய்தான் சொல்லியிருக்கா டீச்சர். இருபத்தெட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் எனக்குத் தெரியுது.”

டீச்சர் ஒட்டிய தாளை அவர் முன்னால் வைத்தார். இடது பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கினார்.

“இதுல அந்த அம்மா இருக்காங்க. டவாலி இருக்கார். ஜட்ஜ் இருக்கார்.”

விரல் கடைசி வரிக்குக் கீழே வெறும் இடத்தில் நின்றது.

“கூண்டுக்குப் பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்திருந்தாரே சார். அவர் என்ன செஞ்சார்?”

தேவசகாயம் உடனே பதில் சொல்ல வாயெடுத்தார். “அவர் பென்சில் முனை...” என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை.

கைக்குட்டையை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார். தன் கையைத் தானே பார்த்துவிட்டு நிறுத்தினார்.

பிறகு பேனாவை எடுத்தார். ரொம்ப நேரம் எழுதவில்லை. செண்பகவடிவு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், அது அப்படியே இருந்தது.

கடைசியில் எழுதித் தாளை டீச்சர் பக்கம் தள்ளினார். டீச்சர் படித்துவிட்டு, வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

தேவசகாயம் இல்லை என்று தலையசைத்தார். அங்கே எழுத ஒன்றும் இல்லை.

இடது பக்கத்தில் அவர் எழுதியிருந்தது இது:

*ஸ்டெனோவின் மேசையில் நான்கு பென்சில்கள். நான்கும் கூராக இருக்கின்றன. டவாலி முதல் தடவை கேட்கும்போது ஸ்டெனோ ஒரு பென்சிலை எடுக்கிறான். குனிந்து சீவத் தொடங்குகிறான்.*